சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

என் ஓரகத்தியைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது. எதற்கு மறைக்க வேண்டும்? என் கணவரின் தம்பி மெர்சிங்கிலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து இப்படித்தான். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். போகிற வருகிறவர்களிடம் சொல்லி அழுது மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். ஆனால் அவள் நல்லவள். அவள் சிரித்தால் எதிரில் இருப்பவருக்கும் சிரிப்பு வந்துவிடும். அதுதான் என் கஷ்டம்.

சிங்கப்பூர் பாலத்துக்கு இந்தப் பக்கம், தம்போயில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கடை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் கூடாரம் போடுவோம், மேசை நாற்காலி வாடகைக்குக் கொடுப்போம், கேட்டால் சாப்பாடும் செய்து கொடுப்போம். தொடங்கியவர் என் மாமனார். என் கணவரும் கொழுந்தனும் லாரியில் போய்க் கம்பி நட்டுக் கூடாரம் கட்டுகிறவர்கள். கடையில் உட்கார அவர்களுக்கு நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. கடையின் முன்பக்கம் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன். பின்பக்கம் அண்டாவும் தட்டும் கழுவி அடுக்குகிற இடம். முன்பக்கத்தில் மாமாவும் நானும்தான் இருந்தோம். அப்படித்தான் பல வருஷம் ஓடியது.

அந்தக் கம்ப்யூட்டரில் முகவரிகளைச் சேர்த்து வைக்கிற ஒரு புரோகிராம் உண்டு. கல்யாணமான புதிதில் மாமா என்னை அதன் முன்னால் உட்கார வைத்து, "இதுல நம்ம கஸ்டமர் எல்லாத்தையும் ஏத்திடும்மா" என்றார். அவரிடம் இருந்தவை பெயர் அட்டைகளும் சிகரெட் அட்டையின் பின்னால் கிறுக்கிய நம்பர்களும்தான். ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ஏற்றினேன். பெயர், வீட்டு நம்பர், தாமான் என்கிற குடியிருப்பின் பெயர், தபால் குறியீடு. கீழே குறிப்பு எழுத ஒரு பெரிய கட்டம் இருந்தது. என் கெட்டிக்காரத்தனம் முழுவதையும் அதில்தான் காட்டினேன். 'நாய் உண்டு, கேட்டைத் திறக்காதே.' 'மட்டன் கூடாது, ஆனால் கோழிக்குச் சண்டை போடுவார்.' 'மூத்த மகளைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.' போன் அடித்ததும் குரலை வைத்து ஆளைப் பிடிப்பேன், இரண்டு எழுத்துத் தட்டுவேன், குறிப்பு திறக்கும். "பேரன் நடக்க ஆரம்பிச்சிட்டானா அண்ணே?" என்று நான் கேட்டால் அந்தப் பக்கம் ஆள் உருகிவிடுவார். சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் பாலத்து ஜாமில் பஸ்ஸில் நின்றுகொண்டே போன் போடுவார்கள். அவர்களுடைய வீட்டு நம்பர்கூட அவர்கள் வாயிலிருந்து வருவதற்குள் நான் சொல்லிவிடுவேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். யார் வந்து எதைக் கேட்டாலும், "பெரியவளக் கேளு, அவளுக்குத் தெரியும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் தினமும் கடைக்குப் போனேன் என்று சொன்னால் தப்பில்லை.

தீபாவளிதான் என் திருவிழா. கஸ்டமர் ஒவ்வொருவருக்கும் வாழ்த்துக் கார்டு போகும், உள்ளே எங்கள் ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு அழைப்பு இருக்கும். ஒட்டும் தாளைப் பிரிண்டரில் வைத்து அந்தப் புரோகிராமை ஓட்டினால் முகவரிகள் வரிசையாக வந்து விழும். நடுவில் ஒரு தாள் கோணலாகப் போய் மாட்டும், பிரிண்டரின் வாயைத் திறந்து நான்தான் இழுக்க வேண்டும். பெயருக்கு முன்னால் ஆணுக்குத் துவான், பெண்ணுக்குப் புவான், டத்தோ பட்டம் வாங்கியவருக்கு டத்தோ என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தேன். பட்டத்தை விட்டுவிட்டால் அடுத்த வருஷம் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். மரியாதை விஷயத்தில் நம் ஆட்கள் அப்படி.

என் ஓரகத்தி வந்து சேர்ந்தபோது மாமா அவளையும் கடைக்கு வரச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் அவள் மெர்சிங்கில் தீவுக்குப் போகிற படகுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தவள். மழையில் படகு ஓடாத நாளில், கோபத்தில் கத்துகிற கூட்டத்தைச் சமாளித்துப் பழகியவள். கடைக்கு வந்த முதல் வாரத்திலேயே, இத்தனை வருஷம் என்னிடம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிற ஐஸ் வண்டிக்காரர் அவளுக்குத் தன் பெண்ணின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அவர்கள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

"அக்கா, இது என்னா கா, இவ்ளோ பழைய புரோகிராம்? போன்ல பாக்க முடியாதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"எதுக்குப் போன்ல பாக்கணும்? நான்தான் இங்க இருக்கேனே."

"நீங்க இல்லாதப்ப?"

நான் இல்லாத ஒரு கடையை அவள் யோசித்துப் பார்த்திருக்கிறாள் என்பதே எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வருஷம் மாமாவுக்கு முட்டி ரொம்ப மோசமாகிவிட்டது. படி ஏறும்போது பல்லைக் கடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார். தீபாவளி முடிந்ததும் அவர் கடைக்கு வரப் போவதில்லை. முன்பக்கத்தை ஒரு மருமகள் பார்த்துக்கொள்ளட்டும், பின்பக்கத்து சாமானையும் சமையல் ஆட்களையும் இன்னொரு மருமகள் பார்த்துக்கொள்ளட்டும். யார் எங்கே என்று அவர் சொல்லவில்லை. "தீபாவளிக்கு அப்புறம் சொல்றேன்" என்றார். சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன். ஓரகத்தி மாமாவின் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவேயில்லை. தைலம் அவள் கையில் இருந்தது, எரிந்ததென்னவோ எனக்கு.

தீபாவளி நெருங்கியபோது அவள் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு புதிய புரோகிராம். என் முகவரிகள் எல்லாவற்றையும் அதற்குள் ஒரே இழுப்பில் இழுத்துவிடலாம், கார்டும் அதிலேயே அடிக்கலாம், போனிலும் தெரியும் என்றாள். மாமா தலையை ஆட்டிவிட்டார். நான் என்ன சொல்ல முடியும்?

ஆனால் அந்தப் புதுப் புரோகிராம் ஓர் இடத்தில் அவளை நிறுத்தி வைத்தது. அதில் லாஸ்ட் நேம் என்று ஒரு கட்டம். பக்கத்தில் சிவப்பில் ஒரு நட்சத்திரம். அதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாதாம்.

"அக்கா, லாஸ்ட் நேம்னு என்னா போடறது?"

"நமக்கு ஏது லாஸ்ட் நேம்? காலியா விடு."

"விட மாட்டேங்குது கா."

"அப்போ அந்தப் புரோகிராம் நமக்குச் சரிவராது" என்றேன். எனக்கு உள்ளூர ஆனந்தம். என் பழைய புரோகிராமிலும் அந்தக் கட்டம் உண்டு, ஆனால் காலியாக விட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கும். அடையாள அட்டையில் இருக்கிற முழுப் பெயரையும் நான் முதல் கட்டத்திலேயே போட்டுவிடுவேன். நம்முடைய பெயர்தான் தெரியுமே. முதலில் நம் பெயர், நடுவில் ஆணுக்கு ஏ-எல், பெண்ணுக்கு ஏ-பி, கடைசியில் அப்பாவின் பெயர். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று மலாயில் சுருக்கி எழுதுவது. ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கிற ஊரில் அப்பா பெயர் இல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் அதையும் விடாமல் ஏற்றியிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து என் மகளுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நானும் அங்கேயே கிடந்தேன். ஓரகத்தி கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள், என் மகளுக்கு நகப்பூச்சு பூசிவிட்டாள். "சித்தி நல்லா ஜோக் அடிக்கறாங்கம்மா" என்றாள் என் மகள். ரத்தத் தட்டணுக்கள் ஏறவேண்டுமே என்ற கவலையிலும் அந்த வார்த்தை என்னைக் குத்தியது.

மகளைக் கூட்டிக்கொண்டு வீடு திரும்பி, மறுபடி கடைக்குப் போனபோது கார்டுகள் எல்லாம் தபாலில் போய்விட்டிருந்தன. மேசையில் ஒட்டாமல் மிஞ்சிய ஒரு முகவரித் தாள் கிடந்தது. எடுத்துப் படித்தேன். பெயர்கள் ஒன்றும் புரியவில்லை. வீட்டு நம்பர் தெரிந்தது, தெரு தெரிந்தது, ஆனால் இப்படி ஒரு கஸ்டமர் நமக்கு இல்லையே என்று குழம்பினேன். அப்புறம்தான் சட்டென்று உறைத்தது. சிவப்பு நட்சத்திரத்தைத் திருப்திப்படுத்த அவள் புரோகிராமையே பெயரைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறாள். அது ஏ-எல், ஏ-பி வரைக்கும் இருப்பதை ஒரு கட்டத்திலும், அதற்குப் பிறகு வருவதை லாஸ்ட் நேம் கட்டத்திலும் போட்டுவிட்டது. உறை மேல் வெள்ளைக்காரன் முறைப்படி லாஸ்ட் நேமை மட்டும் அடித்திருக்கிறது. முன்னால் மரியாதைக்கு எல்லோருக்கும் ஒரே அடியாகத் துவான்.

அதாவது, எங்கள் கஸ்டமர்கள் அத்தனை பேருடைய அப்பாக்களுக்கும் தீபாவளி அழைப்பு போயிருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் செத்துப்போனவர்கள்.

எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளை இன்னொரு முறை படித்தேன். பண்டிகை நாளும் அதுவுமாகச் செத்தவன் பெயரில் கார்டு போனால் நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? டத்தோவுக்கு வெறும் துவான்! பெண்களுக்கும் துவான்! பின்பக்கத்தில் அண்டாவுக்குப் பக்கத்தில் அவள் நிற்கிற கோலம் கண் முன்னால் வந்தது. அவளைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன்.

"அலமாக்!" என்று தலையில் கை வைத்தாள். "இப்ப என்னா கா பண்றது?"

"என்ன பண்ண முடியும்? போன் வரும், வாங்கிக் கட்டிக்க வேண்டியதுதான்" என்றேன். சமாதானமாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் போன் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வந்தது. நான் வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டேன், எதிரில் நிற்கிற ஓரகத்திக்கும் கேட்கட்டும் என்று. தன் மகளின் சடங்குக்கு எங்களிடம் கூடாரம் எடுத்த அம்மாள் அவர். அந்தப் பக்கம் முதலில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

"கார்டு வந்துச்சுங்க. யாரு போட்டது?"

"அது வந்துங்க, கம்ப்யூட்டர்ல சின்ன தப்பு..." என்று இழுத்தாள் ஓரகத்தி.

"எங்கப்பா பேருல வந்திருக்கு. நான் விரும்பிக் கட்டிக்கிட்டேன்னு அவரு என் வீட்டுப் படியே ஏறல. போயும் சேந்துட்டாரு. இப்ப அவரு பேரு போட்டு, கீழ என் வீட்டு நம்பர் போட்டு ஒரு கடுதாசி வந்திருக்கு. தபால்காரரு கேட்டுல நின்னு அவரு பேரச் சொல்லி, இங்கதானேன்னு கேட்டாரு. ஆமா இங்கதான்னு சொல்லிட்டேங்க."

சொல்லிவிட்டு அவர் விம்மினார். ஓரகத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். போனின் இரண்டு பக்கமும் அழுகை, நடுவில் நான் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட அதிகமாக வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் நான் எழுத்துப் பிசகாமல் கார்டு அனுப்பியிருக்கிறேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், வந்தது என்று போன் போட்டதுண்டா?

அப்புறம் போன் ஓயவேயில்லை. எல்லோரும் உருகினார்கள் என்றில்லை. ஒரு பெரியவர் நேரிலேயே வந்து உறையை மேசையில் வீசினார். "குடிச்சிட்டு எங்கம்மாவ அடிச்ச ஆளு அது. அந்தாளுக்கு என் வீட்டு அட்ரஸ்ல துவானா?" என்று கத்தினார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஓரகத்தி ஓடிப்போய் அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள். "சாரிங்க பெரியப்பா, அந்தாளுக்கு ஓப்பன் ஹவுஸ்ல சாப்பாடு கிடையாது. உங்களுக்கு மட்டும்தான்" என்றாள். அவர் அவளை முறைத்தார். முறைத்தபடியே வாயோரம் சிரிப்பு வந்துவிட்டது. டீ குடித்துவிட்டு, கிழித்த உறையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கார்டை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு சீனக் கஸ்டமருக்குக் குடும்பப் பெயர் முதலிலேயே வந்துவிடும் என்பதால் அவருடைய பெயர் துண்டு துண்டாகப் போயிருந்தது. அவர் போன் போட்டுச் சிரித்துவிட்டு, எத்தனை மணிக்கு சாப்பாடு என்று மட்டும் கேட்டார்.

நான் பெரிதாக நம்பியிருந்தது டத்தோவைத்தான். பட்டம் வாங்கிய புதிதில், யாரோ வாய் தவறி அண்ணே என்று கூப்பிட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர் அவர். அவருடைய கார் கடை முன்னால் வந்து நின்றதும் மாமா முட்டி வலியோடு எழுந்து நின்றார். இப்போது திட்டு வரும் என்று நினைத்தேன். அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பா லாரிக் கெலிண்டான் அண்ணே. மூட்டை ஏத்தி எறக்கிக்கிட்டு, லாரிக்குப் பின்னால உக்காந்து போவாரு. வோய்னுதான் எல்லாரும் கூப்புடுவாங்க. அவரத் துவான்னு எழுதி இன்னைக்குத்தான் பாக்கறேன். இத யாரு எழுதனது?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. பெரியவளைக் கேளு என்று சொல்லவில்லை. "சின்னவ" என்றார்.

ஓப்பன் ஹவுஸ் அன்று எப்போதும் இல்லாத கூட்டம். வந்தவர்களில் பாதிப் பேர் உறையைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். முறுக்கைக் கடித்துக்கொண்டே ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். "உங்கப்பாவும் வந்திருக்காரா?" என்று கேட்டுச் சிரித்தார்கள், சிலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். நான் ரசம் ஊற்றினேன், அப்பளம் எடுத்து வைத்தேன், யாரைப் பார்த்தாலும் வீட்டு நம்பரும் நாயும் மட்டனும் எனக்கு ஞாபகம் வந்தன. அவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அந்தப் பொண்ணு எங்க லா?" என்று கேட்டார்கள். கைகாட்டி விட்டேன். கைகாட்டிக் கைகாட்டித் தோள் வலித்தது.

மாமாவுக்கும் கார்டு வந்திருந்தது. அவருடைய முகவரியும் அந்தப் புரோகிராமில் இருந்ததுதானே. கடையை ஆரம்பித்தவருக்கு, கடையிலிருந்து, அவருடைய அப்பா பெயரில் அழைப்பு. அதை அவர் தன் வீட்டுச் சாமி மேடையில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே தீர்ப்பு என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே மாமா சொன்னார். "முன்னால சின்னவ உக்காரட்டும். நாலு சனம் அவளத் தேடி வருது. பெரியவளுக்குச் சாமான் கணக்கெல்லாம் அத்துப்படி, பின்னால அவ இருந்தாத்தான் எனக்கு நிம்மதி." என் மனம் நோகக்கூடாது என்றுதான் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்த்தார். நொந்துதான் போனேன். வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். "தப்பு பண்ணவளுக்கு நாற்காலி. சரியா பண்ணவளுக்கு அண்டா. நல்லா இருக்குங்க உங்க வீட்டு நியாயம்!" அவர் களைப்பில் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "அவ தப்புதான் பண்ணா. சனங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. அதுக்கு நான் என்னா செய்ய?" என்றார்.

மறுநாள் மத்தியானம் கேட்டில் தபால்காரரின் மோட்டார் சத்தம் கேட்டது. எங்கள் தாமானுக்குத் தபால் எப்போதுமே தாமதமாகத்தான் வரும். தண்ணீர் பில்லுக்கு நடுவில் எங்கள் கடையின் கார்டு உறை இருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் பெயர் அந்தப் புரோகிராமில் கிடையாது. நான் என்னை ஏற்றவேயில்லை. அனுப்புகிறவள் தனக்கே அனுப்பிக்கொள்வாளா? ஊரில் எல்லோருக்கும் வாழ்த்து அனுப்பிய எனக்கு ஒரு வருஷமும் ஒரு கார்டும் வந்ததில்லை. வரவில்லை என்று நான் நினைத்துப் பார்த்ததும் இல்லை. ஓரகத்திதான் ஏற்றியிருக்கிறாள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் முழுப் பெயரை என் கணவரிடம் கேட்டு வாங்கி, கட்டம் கட்டமாக நிரப்பியிருக்கிறாள்.

உறை மேல் துவான் என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் என் அப்பாவின் பெயர்.

என் அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலை பார்த்தவர். காக்கிச் சட்டையோடு கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவர். அவருக்குத் தபால் வந்து நான் பார்த்ததில்லை. என் கல்யாணத்தைப் பார்க்க அவர் இல்லை. அவருடைய பெயர் கடைசியாக அச்சில் வந்தது என் கல்யாணப் பத்திரிகையில்தான், முன்னால் அமரர் என்று போட்டு. இந்த உறையில் அமரர் இல்லை. துவான், அப்பா பெயர், கீழே என் வீட்டு நம்பர், என் தெரு. அவர் இங்கேதான் இருக்கிறார், குளித்துவிட்டு வந்து கார்டை வாங்கிக்கொள்வார் என்பதுபோல. நான் தண்ணீர் பில்லை எங்கே வைத்தேன் என்று சாயங்காலம் முழுக்கத் தேடினேன்.

அவளிடம் நன்றி சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. என் நாற்காலியையும் எடுத்துக்கொண்டு, என்னை அழவும் வைத்தால் எப்படி?

அடுத்த நாள் கடைக்குப் போனபோது அவள் முன்பக்கத்து மேசையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்திருந்தாள். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக. நான் பின்பக்கம் போகிற வழியில் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அக்கா, உங்களுக்குக் கார்டு வந்துச்சா?"

"வரல" என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அவளுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்கக்கூடாது என்று நினைத்தேன் போலிருக்கிறது.

"ஐயோ, வரலையா? தொலைஞ்சு போச்சு போல. இருங்க, இன்னொன்னு அடிச்சு இன்னிக்கே போட்டுடறேன்." விரல்கள் ஓடின. "இப்ப பேரெல்லாம் சரி பண்ணிட்டேன் கா. லாஸ்ட் நேம் கட்டத்துல ஒரு புள்ளி வெச்சா போதுமாம், நட்சத்திரம் சும்மா இருந்துடும். அதனால உங்களுக்கு உங்க பேருலயே, புவான்னு போட்டு, கரெக்டா வரும்."

"வேணாம்" என்றேன்.

"என்னா கா?"

"மாத்தாத. அதுல எப்படி இருந்துச்சோ அப்படியே போடு."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. வராத கார்டில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் விரல்கள் நின்றன. ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். படகு ஓடாத நாளில் கத்துகிறவர்களை அப்படித்தான் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். ஏதாவது கேட்பாள், சிரிப்பாள், கடை முழுக்கச் சொல்லுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. "சரி கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரையைப் பார்த்து, நான் காணும்படியாக என் அப்பாவின் பெயரை மறுபடி அந்தக் கட்டத்தில் அடித்தாள். ஒவ்வோர் எழுத்தாக, பிழையில்லாமல்.

எந்த இடத்தில் பேசாமல் இருக்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. பின்பக்கம் போய் அண்டாக்களை எண்ண ஆரம்பித்தேன். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் வீட்டுக்கு வந்து, தபால்காரரின் மோட்டார் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.